மிதப்பு நாட்கள்

ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த
பில்டரின் வழவழப்புத் தாளை
எட்டெட்டாகக் கத்தரித்து அட்டைகள் செய்துகொண்டேன்.
முன்னால் நீச்சல் குளம், ஈச்சமரம்,
யார் வீட்டுக் குழந்தையோ சிரிக்கிறது.
பின்னால் என் கோழிக்கிறுக்கல்:
ஒப்பந்தம், காப்பீடு, கால அட்டவணை,
கான்ட்ராக்டர் பணத்தில் பத்து சதவீதம்
எதுவரை பிடித்துவைக்கலாம்.

இரவு பத்தரை. மான்குர்தில் வாடகை அறை.
பிளட் பேங்க் ஷிஃப்டுக்குச் சட்டையை அயர்ன் செய்தபடி
ஜெபசிங் அட்டையைப் புரட்டுகிறான்.
ஃப்ளோட் என்றால்?

முடிவுத் தேதியை அசைக்காமல்
ஒரு வேலை எத்தனை நாள் தள்ளிப்போகலாமோ
அத்தனை நாள்.
தமிழில் மிதப்பு என்று எழுதிவைத்திருந்தேன்.
அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் பக்கம் மிதப்பு என்பது
திடீர்க் காசு பார்த்தவன் நடையில் இருப்பது.
‘நம்ம பில்டருக்கு இருந்துச்சே, அதா?’

அதேதான், ஆனால் அது இல்லை.
ஃப்ரிட்ஜைத் தள்ளிப்போட்டோம்.
என் பல்லுக்கு வேர் சிகிச்சையை.
குழந்தையை, இரண்டு முறை.
எதுவும் முடிவுத் தேதியை அசைக்கவில்லை,
அப்படி ஒரு தேதி இருந்தால்.

பகலில் அந்தேரி ஆபீசில்
ஒஹையோவில் ஒரு கிளினிக்குக்கு
அவசரப் படிக்கட்டு வரைகிறேன்.
அதன் கைப்பிடியை நான் தொடப்போவதில்லை.
அங்கே ஒரு கதவு மூன்று நாள் தாமதித்தால்
பதினோரு பேருக்குக் கடிதம் போகிறது.
இந்த உரிமம் கிடைத்தால் சம்பளம் ஏறும்.
வரைபடத்தின் மூலையில் பெயரும் ஏறலாம்.

ஹார்பர் லைனில் திலக் நகர் தாண்டும்போது
யார் முழங்கை இடித்தாலும் கதவோரம் விடமாட்டேன்.
கொஞ்ச நேரம் தெரியும் எங்கள் கட்டடம்.
ஏழாவது தளத்தோடு சரி.
மேலே துருவேறிய கம்பிகள்,
தூணுக்குப் பதினாறு, எண்ணியிருக்கிறேன்.
எங்கள் வீடு பதினொன்றில்.
அதாவது இப்போதைக்கு
காக்கைகள் குறுக்கே போகும் உயரத்தில்,
கிழக்குப் பார்த்த சமையலறையோடு.
அவன் தரவேண்டிய வாடகை நின்று இருபத்தாறு மாதம்.

கேள்வி நாற்பத்தொன்று:
கான்ட்ராக்டர் பத்து நாளாக சைட்டுக்கு வரவில்லை.
ஆர்க்கிடெக்ட் முதலில் செய்ய வேண்டியது என்ன?
நாலு விடையில் மூன்றாவதைச் சொன்னேன்.
தப்பு. அதற்கு முந்தையதும் தப்பு.
தப்பையெல்லாம் ஒருநாள் கூட்டிப் பார்த்தேன்.
ஒவ்வொன்றும்
இடிக்கச் சொல்லி வீட்டைக் கொடுத்தவள் சொன்ன பதில்:
உடனே கேள், உடனே நிறுத்து, சல்லிக்காசு தராதே.
தேர்வுக்கு வேண்டியது கோபமில்லாத ஒருத்தி,
தேதி குறித்து, நகல் எடுத்து
உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிப்பவள்.
ஆறு மாதமாக அவளைப் பழகுகிறேன்.
டிபன் டப்பா கழுவும்போது மட்டும் நழுவிவிடுகிறாள்.

ஜெபசிங் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
‘மழைல பில்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்தோமே
நானும் செக்ரெட்டரி ஷிர்சாட்டும்,
அந்த ஆப்ஷன் எங்க?’

சனி இரவு தேர்வு. இங்கேயே, லேப்டாப்பில்.
அறையில் வேறு ஆள் கூடாது, காகிதம் கூடாது.
அவனை மொட்டை மாடிக்கு அனுப்பினேன்.
காலண்டரையும் சிலுவைப் படத்தையும் கழற்றினேன்.
அட்டைக் கட்டு குக்கருக்குள்.
எங்கோ விழித்திருக்கும் மேற்பார்வைக்காரர்
அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்.
குழந்தையைத் தூக்குவதுபோல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு
ஓதம் ஏறிய சுவர், கேஸ் அடுப்பு, கட்டிலுக்கு அடியில்
எல்லாம் காட்டினேன்.
வேறு அறை ஏதாவது இருக்கிறதா என்றார்.

இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்தது,
பதினோராம் மாடியில்.

இல்லை என்றேன்.
கடிகாரம் ஓடத் தொடங்கியது.
முதல் கேள்விக்கு, அப்புறம் பார்க்கலாம் என்று
ஒரு கொடியை நட்டுவிட்டு
இரண்டாவதுக்குப் போனேன்.